செங்கோட்டையன் வீட்டுச் சீமைப் பிஸ்டல்

தன் புருஷனுக்கு இடது கால் சுண்டுவிரல் போனதில் மருதாத்தாளுக்குத் துளியும் வருத்தமில்லை. ஊர் பார்க்கிறதே என்று நாலு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள், அவ்வளவுதான். விரல் போனது போகட்டும், அந்தக் குண்டு கொஞ்சம் மேலே ஏறி மீசையில் பாதியையாவது கொண்டுபோயிருக்கக் கூடாதா என்றுதான் அவளுக்கு ஆதங்கம். மனசுக்குள் அவள் செங்கோட்டையனை ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொள்வாள். முகத்துக்கு நேரே ‘ஏனுங்க’. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடும்பம் இப்படி இரண்டு விதமாகத்தான் நடந்தது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வடகரப்பதிப் பக்கம் பண்ணைக்காரரைப் பண்ணாடி என்பார்கள், செங்கோட்டைப் பண்ணாடியைத் தெரியாத ஆள் கிடையாது. தெரிந்துகொள்ளும்படி அவன் எதையும் செய்துவிடவில்லை. எல்லாவற்றையும் வாயால் சொன்னான், அதுதான். நெல் வயலும் கடலைக்காடும் தென்னந்தோப்புமாக அப்பன் சேர்த்துவைத்துவிட்டுப் போன பூமி. அதில் உழுதவர்கள் வேறு, தண்ணீர் கட்டியவர்கள் வேறு, அறுத்தவர்கள் வேறு. இவன் வரப்பில் நின்று மீசையைத் தடவினான். சாயங்காலமானால் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் உட்கார்ந்து, தான் ஒருத்தன் இல்லாவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே தரிசாய்ப் போயிருக்கும் என்று பேசினான். டீ அவன் வாங்கிக் கொடுத்தது என்பதால் கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

எழுபதாம் வருஷத்துக்குப் பிறகு பாலக்காட்டு நிலக்காரர்களுக்கெல்லாம் ஒரு பயம் பிடித்தது. நக்சலைட்டுகள் வீடு புகுந்து தலையை எடுக்கிறார்கள் என்று பேச்சு. ஜன்மிகள் என்கிற பெரிய பெரிய நிலப்பிரபுக்கள் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டார்கள். செங்கோட்டையனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயப்படுகிற அளவுக்குத் தானும் பெரிய ஆள் என்று ஆகிவிட்டதே! அவனைக் கொல்ல யாரும் வரப்போவதில்லை, அவ்வளவு தூரம் மெனக்கெட அவன் ஒரு ஆளே இல்லை என்பது அவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி லைசென்ஸ் வாங்கினான். மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டை விட்டுவிட்டுச் சீமைக்குப் போகிற வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தான். சின்னப் பிஸ்டல், கறுப்பு. அதற்கு ஒரு தோல் உறையும் இடுப்பு பெல்ட்டும்.

அன்றிலிருந்து வேட்டிக்கு மேலே பெல்ட், பெல்ட்டிலே பிஸ்டல். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பிஸ்டல், கருமாதிக்குப் போனாலும் பிஸ்டல். மாரியம்மன் கோயில் தீபாராதனைக்குக் கும்பிடக் கையைத் தூக்கினால் அது தொடையில் இடிக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து, ஒரு தடவை வாய்க்காலில் குப்புற விழுந்தான். சுட்டதென்றால் ஒரே ஒரு தடவை, தென்னை மரத்தைக் குறிபார்த்து. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து எருமை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடித்துவர ஆள்களுக்குப் பாதி நாள் போயிற்று.

அந்தப் பிஸ்டலின் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுத்தியல் உண்டு. அதைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விடும், சுத்தியல் போய்த் தோட்டாவை அடிக்கும். விவரம் தெரிந்தவன் சுத்தியலை இறக்கித்தான் வைத்திருப்பான். நம்ம ஆள் தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, தோட்டா போட்ட பிஸ்டலில் சுத்தியலைப் பின்னால் இழுத்துவைத்துத்தான் இடுப்பில் சொருகுவான். அப்போதுதான் பார்க்க வீரமாக இருக்குமாம். பக்கவாட்டில் ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் விசை அசையாது, சீமைச் சாமான் என்றால் சும்மாவா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கம் சொல்வான்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு வழக்கம்போல ஏர், மண்வெட்டி, அரிவாள், பம்புசெட் ஸ்பானர், வண்டிச் சக்கரத்துக் கடையாணி, வீட்டுப் பூட்டுகள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். நடுவில் பலகை போட்டு, வெற்றிலைமேல் பிஸ்டல். சந்தனம் அரைப்பது மருதாத்தாள் வேலை. தொட்டு வைப்பது மட்டும் செங்கோட்டையன் வேலை, அதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தால் போதாதா என்று அவள் கேட்டாள். பொட்டு வைப்பது வக்கற்றவன் பூஜை என்றான். தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்து வழித்து, எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அப்பினான். பிஸ்டலுக்குச் சுத்தியல் நிற்கிற பிளவில் நிறைத்து, அதன்மேல் குங்குமத்தைக் கொட்டினான். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது, தானாக உதிரும்வரை விட்டுவிட வேண்டும் என்பதும் அவன் சட்டம். உதிர்ந்ததெல்லாம் வெளியே இருந்ததுதான்.

இப்போது சின்னையன் விஷயத்துக்கு வருவோம். தோப்பு மூலையில் ஓலைக் குடிசை போட்டு, அப்பன் காலத்திலிருந்து அங்கேயே இருந்து பண்ணையத்தில் வேலை செய்தவன். குடிசைக்காரனுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. குடிகிடப்பு என்று அதற்குப் பெயர். சின்னையன் ஒரு வார்த்தை பேசாமல் ஆபீஸுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தான். பண்ணாடியிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பத்து சென்ட் போனால் செங்கோட்டையன் குறைந்துபோக மாட்டான். கேட்காமல் செய்தானே என்பதுதான் அவனுக்குக் கொள்ளிக்கட்டையாக இருந்தது. மனுவை வாபஸ் வாங்கவைக்கிறேன் பார் என்று, பூஜை கழிந்த அடுத்த வாரம் ஒரு காலையில் ஆளை வரச் சொன்னான்.

சின்னையன் வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செங்கோட்டையன் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, அதன் நீண்ட கைப்பலகைமேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூல். மருதாத்தாள் மோர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றாள். மிரட்ட வேண்டுமென்றால் பிஸ்டலைக் காட்ட வேண்டும், காட்டினால் மட்டும் போதாது, சத்தம் கேட்க வேண்டும். அவன் பிஸ்டலை உருவி, மூக்கைச் சின்னையன் பக்கம் திருப்பி, ஸ்டூல்மேல் தொப்பென்று போட்டான். போட்ட தொப்பும் வெடித்த வெடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேட்டன. சின்னையனுக்கும் பிஸ்டலுக்கும் நடுவில் தன் கால் நீட்டிக்கொண்டிருப்பதை அந்த வீரன் கவனிக்கவில்லை.

ஓடிவந்து காலைப் பிடித்தது சின்னையன். தலைத்துண்டை உருவி விரல் இருந்த இடத்தை அழுத்திக் கட்டி, வண்டி பூட்டி, பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் செங்கோட்டையன் வாய்கூசாமல் சொன்னான்: சின்னையன் ஸ்டூலில் இருந்த பிஸ்டலை எடுத்துத் தன்னைச் சுட்டான், நிலத் தகராறு, அவன் நக்சலைட் என்று ரொம்ப நாளாகவே தனக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, ரத்தம் பட்ட துண்டோடு சின்னையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொலை முயற்சி வழக்கு. ஜாமீனும் கிடைக்கவில்லை.

மருதாத்தாள் காதுக்கு இது வந்தது. இரண்டு நாள் கழித்து அவளே பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. அமிர்தநாதன் மூணாறு எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்து, படித்து வேலைக்கு வந்த மனுஷர், தமிழ் நன்றாகப் பேசுவார். உட்காரச் சொல்லி மரியாதையாகக் கேட்டார். சின்னையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், என் வீட்டுக்காரர்தான் பிஸ்டலைத் தூக்கிப் போட்டார், அது தானாக வெடித்தது என்று அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். யாரும் விசையை இழுக்காமல் துப்பாக்கி எப்படியம்மா வெடிக்கும் என்று அவர் கேட்டார். போட்டதும் வெடித்ததுங்க என்று அவள் மறுபடி சொன்னாள். அவர் ஒன்று செய்தார், ஆயுதம் பார்க்கிற போலீஸ்காரர் ஒருவரைப் பாலக்காட்டிலிருந்து வரவழைத்தார். அந்த மகானுபாவர் வந்தார், பிஸ்டலை வாங்கிப் பூட்டைப் போட்டு விசையை இழுத்தார், அசையவில்லை. பூட்டை எடுத்துவிட்டு இழுத்தார், டக்கென்று அடித்தது. ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல் நல்லது என்று விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். உள்ளே ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

செங்கோட்டையன் கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்தான். பார்க்க வந்தவர்களிடம் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் சின்னையன் பிஸ்டலை எடுத்தான். அடுத்து, இவன் எழுந்து அவன் கையைப் பிடித்தான். அப்புறம் கட்டிப் புரண்டார்கள். சோறு போடும்போது மருதாத்தாள் கேட்டே விட்டாள்.

“ஏனுங்க, நான் அங்கதான நின்னுட்டிருந்தனுங்க. நீங்கதான தூக்கிப் போட்டீங்க?”

“போட்டேன். போட்டா வெடிச்சிருமா? நான் விசையத் தொடவே இல்லை புள்ள. நான் தொடலீன்னா வேற ஆரு தொட்டா? அங்க இருந்தது அவனொருத்தன்தான.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். புளுகுகிற முகமாக இல்லை. மற்ற புளுகெல்லாம் புளுகுதான். ஆனால் தான் விசையைத் தொடவில்லை என்பதும் சீமைச் சாமான் தானாக வெடிக்காது என்பதும் அவனுக்குச் சத்தியம். அந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு, கண்ணால் பார்த்ததையே மறந்துவிட்டிருந்தான். பொய்யனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், இந்த அளவு மடையனோடு எப்படிக் காலம் தள்ளினேன் என்று அவளுக்கு அருவருப்பாக வந்தது. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது மட்டும் என்றால் போகிறது. சின்னையன் உள்ளே இருக்கும்போதே குடிசையைப் பிரித்துவிட வேண்டும் என்று செங்கோட்டையன் திட்டம் போட்டிருந்தான். குடிசை இல்லையென்றால் குடிகிடப்பு ஏது, பத்து சென்ட் ஏது? உள்ளூரில் ஒருத்தனும் ஓலையில் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டதால், எல்லைக்கு அந்தப்புறமிருந்து கூலியாட்களை வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவைத்தான். சின்னையன் பெண்டாட்டி பழனாத்தாள் அதைக் கேள்விப்பட்டு, வேலைக்கும் போகாமல் குடிசை வாசலிலேயே அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருதாத்தாள் அந்தப் பக்கமாகப் போனபோது அவள் எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பார்த்த பார்வை மட்டும் மருதாத்தாளை விடாமல் வீடுவரை வந்தது.

வியாழக்கிழமை காலையில் கடலை மூட்டை அடுக்கியிருந்த அறைக் கதவை ஒரு வெள்ளாடு முட்டியது. முட்டியதும் பூட்டு கழன்று கீழே விழுந்தது. அமுக்கினால் சாவியில்லாமலே பூட்டிக்கொள்கிற பித்தளைப் பூட்டு. நேற்றுத்தான் பூட்டினோமே என்று மருதாத்தாள் அதை எடுத்து மறுபடி அமுக்கினாள். டக்கென்று சத்தம் வந்தது, இழுத்துப் பார்த்தாள், பூட்டித்தான் இருந்தது. ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பினால், அது சுற்றிக்கொண்டு வந்து மறுபடி முட்டியது. பூட்டு மறுபடி விழுந்தது.

அவளுக்கு எரிச்சலாகிவிட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வளையம் போய் மாட்டுகிற குழியில் என்னவோ அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் நோண்டினாள். காய்ந்து சுண்ணாம்பாகிப்போன சந்தனம் கட்டியாக வந்தது, அதன் முனையில் குங்குமம். குழி அடைத்துப்போனதால் உள்ளே இருக்கிற பல் நுனியளவுக்குத்தான் மாட்டுகிறது, மாட்டியதுபோலச் சத்தமும் கொடுக்கிறது, ஒரு இடி இடித்தால் விட்டுவிடுகிறது.

அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இதே சந்தனத்தை, இதே கட்டைவிரலால், இன்னொன்றின் இடுக்கிலும் அந்தப் புண்ணியவான் அப்பியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. சேலையை மாற்றக்கூட இல்லை. பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஸ்டேஷனில் அமிர்தநாதன் மேஜைமேல் பூட்டை அமுக்கிப் பூட்டினாள். அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் இழுத்தார், வரவில்லை. அவள் அதை வாங்கி மேஜைமேல் தொப்பென்று போட்டாள். வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“இதுக்கும் பூசுனாருங்க, அதுக்கும் பூசுனாருங்க,” என்றாள். “அதையக் கழட்டிப் பாருங்க. உள்ள ஒண்ணும் இல்லைன்னா என்னையப் புடிச்சு உள்ள போடுங்க. அந்த ஆளுகூட இருக்கறதுக்கு அது தேவலை.”

அமிர்தநாதன் பூட்டை எடுத்து இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். அன்றைக்கே ஜீப்பில் பிஸ்டலை எடுத்துக்கொண்டு, மருதாத்தாளையும் ஏற்றிக்கொண்டு, பாலக்காட்டில் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கிக் கடை வைத்திருந்த அப்துல் சமதிடம் போனார். சமது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இதைப் போலீஸ் ஆயுதக்காரரே பார்த்தாயிற்றாமே, அப்புறம் எனக்கென்ன வேலை என்று முதலில் முறைத்துக்கொண்டார். பிறகு தோட்டா இல்லாத பிஸ்டலில் சுத்தியலைப் பின்னால் இழுத்து, பூட்டைப் போட்டு, ரப்பர் விரிப்புமேல் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மருதாத்தாள் இன்னும் கிட்டே போய் நின்றாள். இன்னொரு தட்டுத் தட்டினார். விசையை யாரும் தொடவில்லை, பூட்டும் போட்டபடியே இருந்தது. சுத்தியல் டக்கென்று விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். சுத்தியலைப் பிடிக்கிற கொக்கி போய் உட்கார வேண்டிய வெட்டில் சந்தனம் இறுகிக் கிடந்தது. எண்ணெயும் புழுதியும் குங்குமமும் சேர்ந்து கல்லாகியிருந்தது. பூட்டு விசையைத்தான் பிடிக்கும், கொக்கியே நுனியில் தொற்றிக்கொண்டு நின்றால் பூட்டு என்ன செய்யும், தூக்கிப் போட்டால் வெடிக்கத்தான் செய்யும் என்று எஸ்.ஐ.க்கு விளக்கினார். அந்தக் கட்டியை ஊசியால் ஒரு காகிதத்தில் தட்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

“துப்பாக்கிக்குச் சந்தனம் பூசுற மனுசனுக்குத் துப்பாக்கி எதுக்குங்க?” என்று கேட்டார். “ஊதுபத்தி பத்தாதா?”

தன் புருஷனைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் மருதாத்தாள் சிரித்துவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூலியாட்கள் வந்தபோது குடிசைக்கு முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வந்தவர்கள் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சின்னையன்மேல் போட்ட வழக்கைக் கோர்ட்டு தள்ளியது, ஆள் இளைத்துப்போய் வெளியே வந்தான். பொய்ப் புகார் கொடுத்ததற்குச் செங்கோட்டையன்மேல் வேறு வழக்கு வந்தது, லைசென்ஸ் ரத்தானது, பிஸ்டல் சர்க்கார் பெட்டிக்குள் போயிற்று. பத்து சென்ட்டுக்குப் பட்டயம் சின்னையன் கைக்கு வந்தது.

போலீஸ் வந்து நின்ற அன்றைக்கே, நீ எனக்குப் பெண்டாட்டியா அவனுக்கு வக்கீலா என்று செங்கோட்டையன் ஆடித் தீர்த்தான். உன் அப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டு என்றான். போகிறேனுங்க, ஆனால் நாளையிலிருந்து உங்களுக்குக் காலில் மருந்து வைத்துக் கட்டுவது யார் என்று அவள் நிதானமாகக் கேட்டாள். புண்ணைப் பார்த்தாலே அவனுக்கு மயக்கம் வரும். அதோடு அந்தப் பேச்சு நின்றது. கடைவீதியில் மட்டும் கொஞ்ச நாளில் புதுக்கதை கிளம்பியது: சீமைக்காரன் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான், தான் பெரிய மனசு பண்ணிச் சின்னையனை மன்னித்துவிட்டான். இப்போதும் டீ அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஏரும் மண்வெட்டியும் பூட்டும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. செங்கோட்டையன் ஒற்றைக் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து, நடுப் பலகையில் வெற்றிலை விரித்து, அதன்மேல் பிஸ்டல் இல்லாத வெறும் தோல் உறையையும் பெல்ட்டையும் வைத்தான். வைத்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“மருதா, சந்தனம் எங்க?”

“இல்லீங்க.”

“இல்லியா? இன்னும் அரைக்கலியா?”

“கல்லே இல்லீங்க. பழனாத்தா சொந்த எடத்துல மொதல் பூஜை பண்றேன்னு வந்து கேட்டா. கல்லு, கட்டை ரெண்டையும் குடுத்துட்டனுங்க.”

அவன் மீசை துடித்தது. “போயி வாங்கியாரச் சொல்லு.”

“அவிய ஊட்டுக்குப் போன கல்லு நம்ம ஊட்டுப் பூஜைக்கு ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. அங்கயே இருந்துட்டுப் போகட்டும்ங்க.” மருதாத்தாள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள். “அதுவுமில்லாம, வெறும் உறைக்கு எதுக்குங்க சந்தனம்?”

அப்போது தோப்பு மூலையில் சின்னையன் தன் வாசலில் தேங்காய் உடைத்தான். அந்தச் சத்தத்துக்குச் செங்கோட்டையன் தூக்கிவாரிப்போட்டு, இடது காலை வெடுக்கென்று வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.